‘அஷ்லி’ வைக்கலாமா? திருமலையில் ஒரு பெயர்ப்பட்டியல் சேவை

பிள்ளை பிறந்து முப்பத்தோராம் நாளுக்குள் பெயர் தேடி ஓடுகிறவர்களுக்கு, திருமலை (திருகோணமலை) நகரில் கொமினிகேஷன் கடையொன்று நட்சத்திரப்படி பெயர்ப்பட்டியல் அடித்துக் கொடுக்கிறது. எழுத்துப் பொருத்தம் சரிதான்; கார்த்திகை முதற்பாதத்துக்கு ‘அ’ என்று பிசகாமல் போட்டிருக்கிறார்கள். ஆங்கிலப் பெயர்களில்தான் கோட்டை விடுகிறார்கள்.

‘அஷ்லி’க்கு ‘சாம்பல்’ என்று விளக்கமாம்! ஆங்கிலத்தில் ‘ஆஷ்’ என்றால் சாம்பல் மட்டுமல்ல, ஒரு மரமும்தான்; அந்த மரங்கள் நின்ற வெளியைக் குறித்த ஊர்ப்பெயர், இங்கிலாந்தில் குடும்பப்பெயராகி, பிறகு ஆண்பிள்ளைகளுக்கு வைக்கப்பட்டது. அமெரிக்காவில் 1991, 1992இல் பெண்குழந்தைப் பெயர்களில் அதுவே முதலிடம். இப்போது அங்கே மவுசு குறைந்துவிட்டது. இலங்கையில் ஆண்களுக்கும் உள்ள பெயர். பட்டியலிலோ பெண்பக்கம் மட்டும்.

அதைவிடச் சிக்கல் எழுத்துக்கூட்டல். ஒரே தாளில் அஷ்லி, ஆஷ்லி, ஆஸ்லி என மூன்று விதம். ஆங்கிலத்திலும் முடிவு எல்-ஈ-வை, எல்-ஈ-ஈ, எல்-ஈ-ஐ-ஜி-எச் என்று பிரியும். பிறப்புச் சான்றிதழில் ஒன்று, பாஸ்போட்டில் இன்னொன்று என்றால் பிறகு அலைச்சல்தான். ஒன்றையே தெரிந்தெடுத்து, இரு மொழியிலும் தெளிவாக எழுதி, 42 நாளுக்குள் பதிவாளரிடம் கொடுங்கள். நட்சத்திர எழுத்துக்காகவே வைப்பதென்றால் ‘ஆ’ போட விடாதீர்கள்; சாத்திரிமார் சிலர் அதை ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.