எபாக்சியா, வார்னிஷா? மாடல் பந்தயப் படகின் மரத்துக்கு எது தாங்கும்

மாடல் பந்தயப் படகு கட்டுகிறவர்கள் வெளிப் பெயிண்டுக்கு ஒரு வாரம் மெனக்கெடுவார்கள். உள்ளே இருக்கும் மரத்துக்கு அரை மணி நேரம் ஒதுக்கினால் அதிகம். நானும் அப்படித்தான் இருந்தேன். என் முதல் படகு வெளியே கண்ணாடி மாதிரி பளபளத்தது. ரேடியோ கருவிகள் உட்காரும் தட்டில், சர்வோவின் (சுக்கானைத் திருப்பும் சிறு மோட்டார்) திருகுக்குப் போட்ட துளைகளை மட்டும் பூச்சில்லாத வெறும் மரமாகவே விட்டுவிட்டேன். நாலைந்து ஓட்டத்திலேயே துளையைச் சுற்றிப் பிளைவுட் உப்பி, அடுக்குப் பிரிந்து, திருகு பிடிமானமில்லாமல் சும்மா சுற்றியது. அடிப்பாகத்தில் எங்கும் ஓட்டை இல்லை. மேல் மூடி வழியாகத் தெறித்து உள்ளே தேங்கிய தண்ணீர், வெட்டுமுனை வழியாக மரத்துக்குள் ஏறியிருக்கிறது. அதனால் சீலரையும் (மரத்தின் துளைகளை அடைக்கும் அடிப்பூச்சு) பெயிண்டையும் தனித்தனியாகவே பார்க்கிறேன்.

சீலரில் எபாக்சிதான் முன்னணி. ரெசினையும் ஹார்ட்னரையும் (இறுகவைக்கும் திரவம்) கலந்தால் இறுகும் பூச்சு அது. ஆனால் ஐந்து நிமிட எபாக்சி இதற்கு உதவாது. கெட்டியாக இருக்கும், மரத்துக்குள் இறங்குவதற்குள் இறுகிவிடும், தண்ணீர் தாங்குவதிலும் மட்டம். மெதுவாக இறுகும், தண்ணியான லேமினேட்டிங் எபாக்சி ரெசின்தான் வேண்டும். சிலர் அதில் ஆல்கஹால் கலந்து இளக்குகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஆவியாக வேண்டிய ஆல்கஹால் உள்ளேயே சிக்கினால் பூச்சு பலவீனமாகிவிடும். ரெசினை லேசாகச் சூடுபடுத்தினாலே நன்றாக இளகும். சீக்கிரம் இறுகவும் செய்யும் என்பதால் கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்க வேண்டும், அவ்வளவுதான்.

இன்னொரு நுணுக்கம். மரம் சூடேறிக்கொண்டிருக்கும் வேளையில் பூசினால், அதனுள் இருக்கும் காற்று விரிந்து குமிழ் குமிழாக மேலே வரும். மரத்தை முதலில் இளஞ்சூடாக்கி, அது ஆறத் தொடங்கும்போது பூசுங்கள். உள்ளே காற்று சுருங்கும்போது ரெசினையும் கூடவே இழுத்துக்கொள்ளும்.

எபாக்சியின் குறை எடை. 0.1 மி.மீ. தடிமனில் பூசினாலே ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 110 கிராம் ஏறிவிடும். பூசிச் சில நிமிடங்கள் ஊறவிட்டு, மிச்சத்தைத் துணியால் துடைத்தெடுப்பதுதான் வழி. இறுகிய பிறகு மேலே மெழுகுபோல ஒரு படலம் வரலாம். அதைத் தண்ணீரில் கழுவிய பிறகே உப்புத்தாள் போடுங்கள். கழுவாமல் தேய்த்தால் அந்தப் பிசுக்கு பரவி, மேலே அடிக்கும் பெயிண்ட் ஒட்டாது.

பாலியூரித்தேன் வார்னிஷ் எடை குறைவு, வேலையும் சுலபம். முதல் கோட்டை டர்பன்டைன் கலந்து நன்றாக இளக்கிப் பூசினால் மரம் உறிஞ்சிக்கொள்ளும். அப்புறம் இளக்காமல் இரண்டு கோட். எலக்ட்ரிக் படகின் உட்புறத்துக்கு இது தாராளமாகப் போதும். நைட்ரோ எஞ்சின் (மெத்தனாலில் நைட்ரோமீத்தேன் கலந்த எரிபொருளில் ஓடுவது) என்றால், எரிபொருளில் நைட்ரோ சதவீதம் கூடக் கூட எனக்கு வார்னிஷ்மேல் நம்பிக்கை குறையும். ஒட்டு வேலை எல்லாம் முடிந்த பிறகே இதைத் தொடுங்கள். வார்னிஷ்மேல் எஞ்சின் தாங்கிக் கட்டையை ஒட்டினால், பசை பிடிப்பது மரத்தை அல்ல, வார்னிஷ் தோலை.

சேண்டிங் சீலர் சீக்கிரம் காயும், மாவு மாதிரி தேயும், லேசான பால்சா மரத்தின் துளைகளை அழகாக அடைக்கும். தண்ணீரை மட்டும் தடுக்காது. பெயருக்குச் சீலர்.

சரி, பெயிண்டுக்கு வருவோம். எலக்ட்ரிக் படகுக்கு அக்ரிலிக் ஸ்ப்ரே போதும். காயும் நேரம் குறைவு, இடித்துக்கொண்டால் அந்த இடத்தை மட்டும் திருத்தலாம். எனாமல் பளபளப்பு நன்றாக இருந்தாலும் முழுதாக இறுக நாள்கணக்காகும்; பொறுமையிழந்து அதன்மேல் லாக்கர் அடித்தால் தோல் சுருங்கிவிடும். நைட்ரோ படகில் இந்த இரண்டுமே எடுபடாது. மெத்தனாலும் நைட்ரோமீத்தேனும் சிந்திய இடத்தில் அக்ரிலிக் பிசுபிசுத்துக் கரையும், எனாமல் இளகும். அங்கே ஹார்ட்னர் கலக்கும் டூ-கே (இரு பகுதி) பாலியூரித்தேன் பெயிண்ட்தான் நிற்கும். ஆனால் ஹார்ட்னரில் இருப்பது ஐசோசயனேட், மூச்சில் போனால் நுரையீரலைக் கெடுக்கும் ரசாயனம். தூசி மாஸ்க் போட்டு வீட்டில் அடிக்கிற சமாசாரம் இல்லை. முறையான ஸ்ப்ரே அறை உள்ள பட்டறையில் கொடுத்து அடிப்பதில் வெட்கம் ஒன்றுமில்லை.

எந்தப் பெயிண்டானாலும் பிரைமரோடு மட்டும் படகைத் தண்ணீரில் விடாதீர்கள். தடிமனாக நிரப்பும் பிரைமரில் நுண்துளைகள் உண்டு, ஈரத்தை அது உறிஞ்சும்.

பந்தயப் படகுக்கே உரிய தலைவலி ஒன்று உண்டு: விளிம்பு. ஸ்பான்சனின் (படகின் பக்கவாட்டு மிதவை) ஓரமும், அடிப்பாகம் டிரான்சமை (படகின் பின்பக்கச் சுவர்) சந்திக்கும் முனையும் கூராக இருந்தால்தான் தண்ணீர் சுத்தமாகப் பிரியும். கோட் மேல் கோட்டாகப் பெயிண்ட் ஏறினால் அந்த முனை உருண்டையாகி, தண்ணீர் அதைச் சுற்றி ஒட்டிக்கொண்டு படகைப் பிடித்து இழுக்கும். ஓரமாகத் தண்ணியான சூப்பர் குளூ விட்டு ஊறவைத்தால் மரம் கல்லாகிவிடும் (புகை கண்ணைக் கரிக்கும், ஜன்னலைத் திறந்துவையுங்கள்). பெயிண்ட் காய்ந்ததும் கட்டையில் சுற்றிய 400 உப்புத்தாளால் அந்த விளிம்பை மட்டும் மறுபடி நேராக்கிவிடுவேன்.

இப்போது என் நைட்ரோ படகில் உள்ளும் புறமும் எபாக்சி, மேலே டூ-கே. எலக்ட்ரிக் படகில் உள்ளே வார்னிஷ், வெளியே எபாக்சிமேல் அக்ரிலிக். இரண்டிலும் திருகுத் துளைகளைப் பெரிதாகத் துளைத்து, எபாக்சியால் நிரப்பி, இறுகிய பிறகு அதன் நடுவில் சிறிதாக மறுபடி துளைத்தேன். இப்போது திருகு மரத்தைத் தொடுவதே இல்லை.