எலிவேட்டட் எல்.எஃப்.டி.: ஆர்79.89 போடுவதா, ஆர்94.5 போடுவதா?

நோயாளியின் சார்ட்டில் டாக்டர் ‘எலிவேட்டட் எல்.எஃப்.டி.’ (கல்லீரல் செயல்பாட்டுப் பரிசோதனையில் அளவு கூடியிருக்கிறது) என்று மட்டும் எழுதியிருப்பார். வேறு டயக்னோசிஸ் இருக்காது. மெடிக்கல் கோடர்கள் நோய்க்கும் பரிசோதனை முடிவுக்கும் கோடு எடுக்கும் அமெரிக்கப் பட்டியலான ஐ.சி.டி.-10-சி.எம்.மில் இதற்கு ஆர்79.89, ஆர்94.5, ஆர்74.01 மூன்றும் போட்டிக்கு வரும். நான் போடுவது ஆர்79.89 (ரத்த வேதியியலில் பிற அசாதாரண முடிவுகள்).

ஆர்94.5-இன் விளக்கமே ஆளைக் கவிழ்த்துவிடும்: கல்லீரல் செயல்பாட்டு ஆய்வில் அசாதாரண முடிவு. இதைவிடப் பொருத்தமாக என்ன வேண்டும் என்று தோன்றும். ஆனால் அது எந்த வீட்டில் இருக்கிறது என்று பாருங்கள். ஆர்94-இல் உள்ளவை இ.சி.ஜி., இ.இ.ஜி., நுரையீரல் செயல்பாட்டு ஆய்வு போன்றவை. ரத்தப் பரிசோதனை முடிவுகளுக்கு ஆர்70 முதல் ஆர்79 வரை தனி இடம் உண்டு. இண்டெக்ஸிலும் ‘எலிவேட்டட், லிவர் ஃபங்ஷன்’ என்பதன் கீழ் ‘ஸ்டடி’ ஆர்94.5-க்கும் ‘டெஸ்ட்’ ஆர்79.89-க்கும் போகிறது. ஆடிட்டர் கேட்டால் அந்த வரியைக் காட்டினால் போதும்.

அப்படியானால் ஆர்74.01? துல்லியத்தில் அதுதான் முந்தும். டிரான்ஸ்அமினேஸ் (ஏ.எல்.டி., ஏ.எஸ்.டி. என்ற என்சைம்கள்) கூடியிருக்கிறது என்று டாக்டர் எழுதியிருந்தால் யோசிக்காமல் அதைப் போடுங்கள். (2020 அக்டோபர் 1-இல் ஆர்74.0 இரண்டாகப் பிரிந்தது. பழைய நான்கெழுத்துக் கோடை இன்றும் போட்டால் இன்ஷூரன்ஸ் கிளெய்ம் திரும்பும்.)

சிக்கல் டாக்டர் எழுதாதபோதுதான். லேப் ரிப்போர்ட்டில் ஏ.எல்.டி. 98 என்று கண்ணெதிரே இருக்கும், பக்கத்தில் ‘எச்’ (ஹை, அதாவது கூடுதல்) குறியும் இருக்கும். கை துறுதுறுக்கும். போடக் கூடாது. எண்ணைப் படித்து அர்த்தம் சொல்வது கோடரின் வேலையல்ல. ஆடிட்டில் முதல் கேள்வியே ‘ப்ரொவைடர் (சிகிச்சை தரும் டாக்டர்) எழுதிய எந்த வரியை வைத்து?’ என்பதுதான். லேப் எண்ணை மட்டும் நம்பிப் போட்ட கோடுக்கு அங்கே பதில் இருக்காது.

ஆல்கலைன் பாஸ்பட்டேஸ் என்று எழுதியிருந்தால் ஆர்74.8, பிலிருபின் என்றால் ஆர்17. கொழுப்புக் கல்லீரல் என்று உறுதியாகச் சொல்லிவிட்டால் கே76.0 மட்டும், அதோடு எல்.எஃப்.டி. கோடையும் ஒட்ட வேண்டாம். ‘ப்ராபபிள்’ (இருக்கக்கூடும்) என்று தொடங்கினால் அவுட்பேஷன்டில் கே76.0 கிடையாது, லேப் கண்டுபிடிப்போடு நிறுத்திக்கொள்ள வேண்டும். இன்பேஷன்டில் விதி வேறு: டிஸ்சார்ஜ் சமயத்தில் ‘ப்ராபபிள்’ என்றிருந்தால் உறுதியானதாகவே கோடு செய்யலாம். அந்தச் சார்ட்டுகளில் எனக்குப் பழக்கம் குறைவு, அதனால் அங்கே என் பேச்சை அளவோடு எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரே டாக்டர் திரும்பத் திரும்ப ‘எல்.எஃப்.டி.’ என்றே முடித்தால் அவரிடம் விளக்கம் கேட்டுக் குவரி அனுப்பலாம். லேப் மதிப்புகளைக் குறிப்பிட்டு, அவற்றின் மருத்துவ முக்கியத்துவம் என்ன என்று கேளுங்கள். எந்தக் கோடு வேண்டும் என்று நீங்களே எடுத்துக்கொடுத்தால் அந்தக் குவரியே ஆடிட்டில் மாட்டும்.