டோரேமானா, கோக்குவா? இரண்டு குரல்கள், இரண்டு பாதைகள்

ஜப்பானில் 1979 முதல் 2005 வரை டோரேமான் என்ற கார்ட்டூன் பூனையின் குரல் என்றால் நொபுயோ ஓயாமாதான். சின்ன வயதில் அவருடைய கரகரத்த குரலைக் கேட்டுச் சிரித்தார்கள். அந்தக் கரகரப்பே நீலப் பூனைக்கு முகவரி ஆனது. பிள்ளைகள் மனதிலிருக்கும் டோரேமான் கலைந்துவிடக் கூடாதென்று மற்ற வேடங்களைப் பெரும்பாலும் தவிர்த்தார்.

1936இல் பிறந்த இன்னொரு குரல் நடிகை மசாகோ நொசாவா அப்படி ஒரே வேடத்தோடு நிற்கவில்லை. 1968இல் கிடாரோ என்ற பேய்ச் சிறுவன். 1986இலிருந்து ‘டிராகன் பால்’ கார்ட்டூன் தொடரின் நாயகன் கோக்கு. கோக்குவுக்குக் கல்யாணமாகி, பேத்தியே பிறந்தாயிற்று. குரல் மட்டும் மாறவில்லை. மகன்கள் கோஹான், கோட்டனுக்கும் இவரே பேசுகிறார். மூவரும் ஒரே காட்சியில் வந்தாலும் வரிக்கு வரி ஆள் மாறுவது காதுக்குத் தெரிகிறது. 2018இல் வந்த புதிய கிடாரோ தொடரில் அந்தச் சிறுவனுடைய அப்பாவாகவும் ஆகிவிட்டார்!

இன்னொரு வேடிக்கை: 1973இன் பழைய டோரேமான் தொடரில், பிற்பாதியில் பூனைக்குக் குரல் கொடுத்தவரும் நொசாவாதான். அது நிலைக்கவில்லை.

வீச்சு என்று பார்த்தால் என் ஓட்டு நொசாவாவுக்கே. ஆனால் ஓயாமாவைச் சாதாரணமாக எடைபோட முடியாது. 2010இல் டாங்கன்ரோன்பா என்ற வீடியோ விளையாட்டில், அதே செல்லப் பூனைக் குரலில் கொலைக்குத் தூண்டும் கரடியாகப் பேசியிருக்கிறார். கேட்டால் குலை நடுங்கும்.