முறைவாசல் யாருடையது?

சேலத்தில் குகை என்கிற பகுதியில் நான் வளர்ந்த காம்பவுண்டில் ஒன்பது குடித்தனங்கள். ஒரு கிணறு, ஒரு மேட்டூர்த் தண்ணீர்க் குழாய், இரண்டு கழிப்பறைகள். கழிப்பறைச் சாவிகள் கிணற்றடித் தூணில் அடித்த ஆணியில் தொங்கும். ஆணி காலியாக இருந்தால் உள்ளே ஆள் இருக்கிறது என்று பொருள். முறைவாசல் வாரம் ஒரு வீட்டுக்கு. விடியும் முன் வாசல் பெருக்கி, சாணம் தெளித்து, கோலம் போட்டு, முற்றத்துச் சாக்கடையையும் தள்ளிவிட வேண்டும். ஒன்பது வாரத்துக்கு ஒருமுறை எங்கள் முறை வரும். முந்தைய ஞாயிற்றுக்கிழமையே அம்மாவின் முகம் மாறிவிடும்.

இதை முதலிலேயே சொல்லிவிடக் காரணம் உண்டு. முற்றத்து வீடுகளைப் புகழ்ந்து எழுதுகிறவர்களில் பெரும்பாலோர் என்னைப் போன்ற ஆண்கள். எங்களுக்கு நினைவிருப்பதெல்லாம் நிலா வெளிச்சத்தில் பாய் விரித்துப் படுத்தது, எதிர் வீட்டு அக்கா கொடுத்த தட்டுவடை, ஆடியில் வண்டி வேடிக்கை பார்க்கப் பிள்ளைகள் எல்லாம் ஒரே கூட்டமாகப் போனது. அம்மாவிடம் கேட்டால், அதிகாலை நாலரை மணிக்கு அந்த ஆணியைப் பார்த்துக்கொண்டு நின்றதைத்தான் சொல்வார்.

இப்போது அழகாபுரம் பக்கம் ஓர் அடுக்ககத்தில் மூன்றாம் மாடியில் இருக்கிறோம். குழாயைத் திறந்தால் தண்ணீர் வருகிறது. கழிப்பறை இரண்டும் எங்களுடையவை. ஆனால் அப்பா இறந்த அன்று லிஃப்டில் அவரைப் படுக்கவைக்க இடமில்லை. நாற்காலியில் உட்காரவைத்துப் படிக்கட்டு வழியாக இறக்கினோம். கீழே இரண்டு கார்களை நகர்த்தச் சொல்லி, அந்த எண்ணெய்க் கறைத் தரையில் கிடத்தினோம். வந்தவர்கள் தூண்களுக்கு இடையே நின்றுகொண்டே இருந்துவிட்டுப் போனார்கள். குகைக் காம்பவுண்டில் கல்யாணப் பந்தலும் சாவுப் பந்தலும் ஒரே முற்றத்தில்தான் போட்டோம்.

அதன் பிறகுதான் நாங்கள் நான்கு குடும்பங்கள் உட்கார்ந்து பேச ஆரம்பித்தோம். எல்லோருக்கும் ஐம்பதை ஒட்டிய வயது, எல்லோர் வீட்டிலும் ஒரு பெரியவர். எங்களுக்கு முன்னால் இருந்த வழிகள் நான்கு: பழைய காம்பவுண்டு ஒன்றை வாங்கிச் சீர்செய்வது, இருக்கும் அடுக்ககத்திலேயே காலம் தள்ளுவது, ஆளுக்கொரு தனிவீடு கட்டுவது, எல்லோரும் சேர்ந்து புதிதாக ஒரு முற்றத்தைச் சுற்றிக் கட்டுவது.

பழைய காம்பவுண்டு

ஓமலூர், ஆத்தூர் பக்கம் ஊரைத் தள்ளி நாலு வீடு சேர்ந்திருந்தால் அதை வளவு என்பார்கள். நகரத்துக்குள் நாம் அதைக் காம்பவுண்டு என்கிறோம், வரிசையாக இருந்தால் லைன் வீடு. அம்மாப்பேட்டை, பொன்னம்மாப்பேட்டை, குகை நெசவாளர் வீடுகளில் முற்றம் ஓய்வெடுக்கும் இடமாக இருந்ததே இல்லை. உள்ளே குழித்தறி, வெளியே தாழ்வாரத்தில் பெண்கள் ராட்டையில் தார், அதாவது நாடாவுக்குள் வைக்கும் ஊடை நூல், சுற்றுவார்கள். பாவை, அதாவது தறியின் நெடுக்கு நூலை, நீட்ட நீளமான இடம் வேண்டும் என்பதால் முற்றம் போதாமல் தெருவும் அதற்கு வேண்டியிருந்தது. செவ்வாய்ப்பேட்டையில் அதே இடத்தில் கொலுசுப் பட்டறை. எல்லோருக்கும் அங்கே வேலை இருந்தது. அதனால் பகல் முழுக்க ஆள் இருந்தது. ஆள் இருந்ததால் குழந்தையையும் கிழவியையும் பார்த்துக்கொள்ளத் தனி ஏற்பாடு வேண்டியிருக்கவில்லை. 'அந்தக் காலத்து ஒற்றுமை' என்று நாம் சொல்வதில் பாதிக்கு மேல் இந்த ஏற்பாடுதான் என்பது என் கணிப்பு. விசைத்தறி வந்த காம்பவுண்டுகளில் அதே ஒற்றுமை எவ்வளவு நாள் தாங்கியது என்று பாருங்கள். தடதடக்கும் தறிக்கு எதிர்வீட்டில் பரீட்சைக்குப் படித்த பிள்ளைகளைக் கேட்டால் சொல்வார்கள்.

வாங்கிச் சீர்செய்வதில் முதல் சிக்கல் பத்திரம். இத்தகைய சொத்துகளில் பல இரண்டு மூன்று தலைமுறையாகப் பாகம் பிரிக்காதவை. கையெழுத்துப் போட வேண்டிய ஒருவர் திருப்பூரில் இருப்பார், இன்னொருவர் பேச்சுவார்த்தையிலேயே இல்லாதவர். இரண்டாவது சிக்கல் சுவர். சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய சுவருக்கு மேல் சிமெண்ட் பூசினால் உள்ளே இருக்கும் ஈரம் வெளியேற வழியில்லாமல் பூச்சைப் பெயர்த்துக்கொண்டு வரும். சுண்ணாம்பிலேயே பூச வேண்டும், அதற்குத் தெரிந்த கொத்தனார் வேண்டும். ஒவ்வொரு வீட்டுக்கும் கழிப்பறை வைக்கப் போனால் ஏற்கெனவே சிறிய அறைகளில் ஒன்று போய்விடும்.

ஆனால் வாடகைக்கு இருப்பவர்களுக்கு, குறிப்பாக ஊருக்குப் புதிதாக வேலைக்கு வந்தவர்களுக்கு, சீர்செய்த காம்பவுண்டை மிஞ்சியது இல்லை. அடுக்ககத்து வாடகையில் பாதிக்கும் குறைவாக வீடு கிடைக்கும். எதிர்பார்க்க வேண்டியது உரிமையாளரின் மனமாற்றத்தை அல்ல, எழுத்தில் ஓர் ஒப்பந்தத்தை. நில உரிமையாளர்கள், குத்தகைதாரர்கள் பற்றிய 2017-ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. எழுத்து ஒப்பந்தத்தையும் அதைப் பதிவு செய்வதையும் அது கட்டாயமாக்குகிறது. வாடகைத் தகராறு என்று சொல்லித் தண்ணீரையோ மின்சாரத்தையோ நிறுத்தக் கூடாது என்கிறது. எங்கள் வீட்டுக்கார அம்மா கோபம் வந்தால் முதலில் செய்தது மோட்டார் சுவிட்சை அணைப்பதுதான். ஒரே மின் இணைப்பில் துணை மீட்டர் போட்டு, யூனிட்டுக்கு அவர் சொன்ன விலையை வாங்கியதும் உண்டு. வீட்டுக்கொரு தனி இணைப்பு இருந்தால் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் குடியிருப்பவருக்கே போகும்.

அடுக்ககமும் தனிவீடும்

அடுக்ககம் பற்றி எல்லோருக்கும் தெரியும், சுருக்கமாகச் சொல்கிறேன். வங்கிக் கடன் எளிது, காவலாளி உண்டு, முறைவாசலுக்கு ஆள் வைத்திருக்கிறார்கள். அம்மாவைப் பொறுத்தவரை இந்தக் கடைசி ஒன்றுக்காகவே அடுக்ககம் ஜெயித்துவிட்டது. ஆனால் காசு கொடுத்து வாங்கும் நிலம் எவ்வளவு என்று கணக்குப் போட்டால் சங்கடமாக இருக்கும். 2019-ஆம் ஆண்டுக் கட்டட விதிகள் சாதாரணக் கட்டடத்துக்கு மனைப் பரப்பில் இரண்டு மடங்கு கட்ட இடம் தருகின்றன. கட்டுகிறவர் முழுவதையும் பயன்படுத்தினால், 1,000 சதுர அடி வீட்டுக்கு உங்கள் பெயரில் வரும் பிரிபடாத பாகம் ஏறக்குறைய 500 சதுர அடி. நடுவில் 'ஓ.டி.எஸ்.' என்று வரைபடத்தில் காட்டும் வெட்டவெளி ஒன்று இருக்கும். அதை முற்றம் என்று விற்பனையாளர் சொன்னால் நம்ப வேண்டாம். ஆறடி அகலத்தில் ஐந்து மாடி உயரம், குளியலறை ஜன்னல்களும் கழிவுநீர்க் குழாய்களும் பார்க்கும் கிணறு அது. அங்கே யாரும் நாற்காலி போட்டு உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

தனிவீட்டுக்காரர்கள் இப்போது வரவேற்பறை நடுவில் ஒரு சின்ன முற்றம் வைத்து, மழைக்குப் பயந்து மேலே கண்ணாடி போட்டு மூடுகிறார்கள். சேலத்து வெயிலில் இது அடுப்பு. வெயில் உள்ளே வரும், சூடான காற்று மேலே போக வழியில்லை. மூன்றாவது மாதம் அதன் கீழே ஒரு ஏ.சி. வந்துவிடும். படம் எடுக்க அழகாக இருக்கும் என்பதை மறுக்கவில்லை.

சேர்ந்து கட்டினால்

எங்களுக்குப் பிடித்தது இதுதான். அதனால் இதைத்தான் அதிகம் சந்தேகப்பட்டுப் பார்த்தோம்.

முதலில் வெளியூர் அனுபவம். நவி மும்பையின் பேலாப்பூரில் கட்டடக்கலைஞர் சார்லஸ் கொரியா 1980-களில் வடிவமைத்த குடியிருப்பு இந்த வகைக்குப் பெயர்போனது. 8 மீட்டருக்கு 8 மீட்டர் முற்றத்தைச் சுற்றி ஏழு வீடுகள், அப்படி மூன்று கூட்டம் சேர்ந்து 12 மீட்டர் முற்றம் ஒன்றைச் சுற்றி 21 வீடுகள். குடும்பம் பெருகினால் அவரவர் வீட்டை அவரவர் விரித்துக்கொள்ளட்டும் என்று பக்கத்து வீட்டோடு சுவர் சேராமல் கட்டினார். விரித்தார்கள், உயர்த்தினார்கள், பலர் இடித்துவிட்டு மாடி மாடியாக எழுப்பினார்கள். டென்மார்க்கில் 1972-ல் குடியேறிய செட்டெடாமென் வேறு பாதையில் போனது: 27 வீடுகள், ஒவ்வொன்றிலும் முழுச் சமையலறை, அதற்கு மேல் எல்லோருக்கும் பொதுவாக ஒரு பெரிய வீடு. சேர்ந்து சாப்பிட விரும்புகிறவர்கள் அங்கே சாப்பிடலாம், மனம் இல்லாத நாளில் கதவைச் சாத்திக்கொள்ளலாம். இரண்டையும் வைத்துப் பார்த்தபோது எங்களுக்குத் தோன்றியது இது: சுவர் சேர்ந்திருக்க வேண்டும், குழாய் தனித்தனியாக இருக்க வேண்டும். சுவர் சேர்ந்திருந்தால் ஒருவர் மட்டும் மாடி எழுப்பி மற்றவர் வெளிச்சத்தை மறைக்க முடியாது. குழாயும் கழிப்பறையும் மீட்டரும் தனியாக இருந்தால் சண்டைக்கான காரணங்களில் முக்கால்வாசி போய்விடும். எங்கள் குகைக் காம்பவுண்டில் முற்றத்துக்காக ஒருவரும் சண்டை போட்டதில்லை. எல்லாச் சண்டையும் குழாயடியில் தொடங்கி ஆணியடியில் முடிந்தது.

கண்ணங்குறிச்சி பக்கம் 12 சென்ட் மனை ஒன்று பார்த்தோம். 62 அடிக்கு 84 அடி. கணக்குக்காக முன்னால் 10 அடியும் மற்ற மூன்று பக்கமும் 5 அடியும் விட்டால், கட்ட மிஞ்சுவது 52 அடிக்கு 69 அடி. நடுவில் 24 அடிக்கு 30 அடி முற்றம், அதைச் சுற்றி 6 அடித் தாழ்வாரம். மீதி ஒரு தளத்துக்கு 2,076 சதுர அடி. தரைத்தளமும் ஒரு மாடியும் என்றால் ஆறு வீடுகள், வீட்டுக்கு ஏறக்குறைய 690 சதுர அடி, படிக்கட்டுக்குக் கொஞ்சம் கழித்துக்கொள்ளுங்கள். உள்ளே சிறியது என்பது உண்மை. ஆனால் நிலத்தில் ஆளுக்கு 2 சென்ட், அதாவது 871 சதுர அடி. அதே 2 சென்ட்டில் தனியாகக் கட்டியிருந்தால் சுற்றிலும் விடும் சந்துக்கே பெரும்பகுதி போயிருக்கும். இந்தக் கணக்கில் கார் இல்லை. இரண்டு கார் நிற்க வேண்டும் என்றால் கீழே ஒரு வீடு சுருங்கும். முற்றத்துக்குள் ஸ்கூட்டர்கூட வரக் கூடாது என்பதில் மட்டும் நான் பிடிவாதமாக இருக்கிறேன். ஒரு வண்டி உள்ளே வந்தால் அடுத்த மாதம் ஆறும் வந்துவிடும், பிறகு பிள்ளைகள் வெளியேறிவிடுவார்கள்.

இரண்டாம் மாடியும் போடலாமே என்று நண்பர் ஒருவர் வற்புறுத்தினார். முற்றத்தின் வேலையே இரவில்தான் தொடங்குகிறது. சுவரும் தரையும் பகலில் வாங்கிய சூட்டைத் திறந்த வானத்துக்கு விட்டுக்கொடுக்கும், குளிர்ந்த காற்று கனத்து முற்றத்தில் இறங்கித் தாழ்வாரம் வழியாக அறைகளுக்குப் போகும். அகலம் 24 அடி இருக்கும்போது உயரம் 22 அடிக்குள் இருந்தால் வானம் போதுமான அளவு தெரியும். அதற்கு மேல் உயர்த்தினால் அதுவும் ஓ.டி.எஸ். ஆகிவிடும். நடுப்பகல் வேறு கதை. சேலத்துக்கு ஏப்ரல் மூன்றாம் வாரத்தில் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது, சுவர் நிழல் ஒன்றுக்கும் உதவாது. ஒரு வேப்பமரம் வேண்டும், அது வளரும்வரை துணிப் பந்தல். ஏற்காட்டில் கட்டலாம் என்று யோசனை சொன்னவரும் உண்டு. 1,500 மீட்டர் உயரத்தில், பனியிலும் மழையிலும், நடுவில் வானத்தைத் திறந்துவைத்து என்ன செய்வது? காப்பி காயப்போடும் களம் வேண்டுமானால் அங்கே பொது முற்றம்.

சட்டப்படி பெரிய தடை இல்லை. 12 சென்ட் என்பது 486 சதுர மீட்டர். 500 சதுர மீட்டருக்குள் அல்லது எட்டு வீட்டுக்குள் இருக்கும் திட்டங்களை ரெரா எனப்படும் வீட்டுமனை ஒழுங்குமுறை ஆணையப் பதிவிலிருந்து 2016-ஆம் ஆண்டுச் சட்டம் விலக்குகிறது. லிஃப்ட் இல்லாத, மூன்று மாடிக்குள் 10 வீடுகளுக்கு மிகாத குடியிருப்புகளின் பொது மின் இணைப்புக் கட்டணத்தை 2023-ல் அரசு குறைத்தது. எனக்குப் பயம் வேறு இடத்தில். ஒருவர் விற்க நினைத்தால் யாருக்கு விற்பார்? மற்ற ஐவருக்கு முதலில் சொல்ல வேண்டும் என்று எழுதிக்கொள்ளலாம். விலை படியாவிட்டால்? பிள்ளைகள் வெளிநாட்டில் இருப்பவர்கள் இந்த வழிக்கு வர வேண்டாம் என்றே சொல்வேன். அவர்களுக்கு வாங்கவும் விற்கவும் எளிதான அடுக்ககம்தான் சரி.

போன மாதக் கூட்டத்தில் பெண்கள் தனியாக உட்கார்ந்து ஒரு தாள் எழுதிக்கொண்டு வந்தார்கள். முற்றம் பெருக்கச் சம்பளத்துக்கு ஆள். வாஷிங் மெஷின் அவரவர் வீட்டுக்குள். தாழ்வாரத்தைப் பார்க்கும் ஜன்னலுக்குப் பாதி உயரத்துக்கு மங்கலான கண்ணாடி. கீழ்த்தள வீடுகள் பெரியவர்கள் இருக்கும் குடும்பங்களுக்கு. நான்கையும் ஒரே மூச்சில் ஒப்புக்கொண்டோம். அடுத்து ஒரு குடும்பம், சைவம் சாப்பிடுகிறவர்களை மட்டும் சேர்த்துக்கொள்ளலாமே என்றது. அது சாப்பாட்டைப் பற்றிய பேச்சு அல்ல என்று அந்த அறையில் எல்லோருக்கும் தெரியும். குகைக் காம்பவுண்டிலும் வீடு காலியானால் முதல் கேள்வி இதுதான், அடுத்த கேள்வி 'நீங்கள் என்ன ஆட்கள்?'. முடியாது என்று சொன்னோம். காபியை முடித்துவிட்டு அவர்கள் எழுந்துபோனார்கள்.

நான்கு மூன்றாகிவிட்டது, ஆறு பேர் வேண்டும். மனைக்காரர் பொங்கல் வரை பொறுப்பதாகச் சொல்லியிருக்கிறார்.