ஃபியூசிபிள் லிங்கை வெட்டி எறிந்துவிட்டு டியூனிங் என்று பில் போட்ட பட்டறை

என் 1970 டாட்ஜ் சேலஞ்சர் ஆர்/டி வண்டியின் வயரிங்கைச் சரிபார்த்து, 383 எஞ்சினை (383 கன அங்குலக் கொள்ளளவு) டியூன் செய்து தருவதாகச் சொல்லி, டெட்ராய்ட் புறநகர்ப் பட்டறை ஒன்று என்னிடம் 4,200 டாலர் வாங்கியது. வயரிங்கைத் தீப்பிடிக்கும் நிலைக்குக் கெடுத்தார்கள். டியூனிங்கைத் தொடவே இல்லை. புகார் விசாரணையில் இருப்பதால் பட்டறையின் பெயரை இங்கே எழுதவில்லை. ஆனால் மிச்சிகனில் பழைய டாட்ஜ், பிளிமத் வைத்திருக்கும் தமிழர்கள் சிலரை எனக்குத் தெரியும். ஆகஸ்டில் வுட்வர்ட் ட்ரீம் குரூஸ் என்ற பழைய கார்களின் ஊர்வலம் நெருங்கும்போது எல்லோரும் அவசர அவசரமாக வண்டியைப் பட்டறையில் விடுகிறோம். அவர்களில் ஒருவருடைய வண்டியாவது எரியாமல் தப்ப வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

இந்த வண்டிகளின் மின்சுற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். அது தெரிந்தால்தான் நடந்த அநியாயம் புரியும். அந்தக் காலத்து கிரைஸ்லர் வண்டிகளில் டாஷ்போர்டில் மின்னோட்டத்தைக் காட்டும் ஆம்மீட்டர் இருக்கும். அல்டர்நேட்டரிலிருந்து பாட்டரியை நிரப்பப் போகும் மின்னோட்டம் முழுவதும், எஞ்சினுக்கும் பயணிகள் அறைக்கும் நடுவிலுள்ள தகட்டில் பொருத்திய பல்க்ஹெட் கனெக்டர் வழியாக உள்ளே வந்து, ஆம்மீட்டருக்குள் புகுந்து, அதே கனெக்டர் வழியாக வெளியே திரும்பும். அந்தப் பிளாஸ்டிக் கனெக்டரில் இருப்பவை சின்னத் தகடுகள். ஐம்பது வருடத் துரு ஏறிய தகடு கொஞ்சம் கூடுதல் மின்னோட்டத்துக்கே சுடத் தொடங்கிவிடும். இவ்வளவு நீளமான சுற்றுக்கும் காவல் ஒன்றே ஒன்று: ஸ்டார்ட்டர் மோட்டாருக்கு மின்சாரம் விடும் ஸ்டார்ட்டர் ரிலேயிலிருந்து கிளம்பும் ஃபியூசிபிள் லிங்க். 12 கேஜ் வயருக்கு 16 கேஜில் (கேஜ் எண் கூடினால் வயர் மெலியும்), எளிதில் தீப்பற்றாத உறை போட்ட சிறு துண்டு அது. எங்காவது ஷார்ட் ஆனால் அது முதலில் உருகி மின்சாரத்தைத் துண்டித்துவிடும். வண்டி நின்றுபோகும், ஆனால் எரியாது.

பட்டறைக்காரர்கள் முதலில் 100 ஆம்பியர் அல்டர்நேட்டரைப் பொருத்தினார்கள். பிறகு ரேடியேட்டருக்கு மின் விசிறிகளை மாட்டி, அவற்றின் வயரை நேராகப் பாட்டரி முனையில் இணைத்தார்கள். வேலை தெரிந்த எவரும் இதைச் செய்யமாட்டார். பாட்டரி முனையில் எதை மாட்டினாலும், அதற்கான மின்சாரம் அல்டர்நேட்டரிலிருந்து ஆம்மீட்டரைச் சுற்றிக்கொண்டுதான் வந்தாக வேண்டும். அதாவது, எப்போதாவது பாட்டரி இறங்கியிருக்கும்போது மட்டும் சுமை தாங்கும் பாதையில், விசிறிகள் ஓடும் நேரமெல்லாம் சுமையை ஏற்றிவிட்டார்கள். இதெல்லாம் போதாதென்று, ஃபியூசிபிள் லிங்கை வெட்டி எடுத்துவிட்டு அந்த இடத்தில் சாதாரண 10 கேஜ் வயரைச் சேர்த்துக் கறுப்பு டேப் சுற்றியிருந்தார்கள். பில்லில் இதற்கு 'சார்ஜிங் சுற்று மேம்பாடு' என்று ஒரு வரி. இந்த ஒன்றை மட்டும் என்னால் மன்னிக்க முடியவில்லை. கைவேலை மோசமாக இருக்கலாம். பாதுகாப்புக்காக இருக்கும் ஒரே பொருளை அறிந்தே நீக்கிவிட்டுச் சாவியைக் கையில் கொடுப்பது வேறு.

ஐ-75 நெடுஞ்சாலையில் போய்க்கொண்டிருந்தபோது ஆம்மீட்டர் முள் சார்ஜ் பக்கம் சாய்ந்தபடியே நின்றது. பிளாஸ்டிக் கருகும் வாசனை வந்தது. பக்கத்தில் மனைவி, பின்னால் மகள். ஓரத்தில் நிறுத்தி, அவர்களை இறக்கிவிட்டு, பாட்டரியின் நெகடிவ் கேபிளைக் கழற்றினேன். கனெக்டரில் கறுப்பு வயர் நுழையும் மூலை உருகிக் கூழாகியிருந்தது.

இந்த வண்டிகளிலேயே வாழ்நாளைக் கழித்து ஓய்வு பெற்ற ஒரு மெக்கானிக் வண்டியைப் பிரித்துப் பார்த்தபோது மற்றவையும் வெளிவந்தன. பாயிண்ட் (மின்சாரத்தைத் திறந்து மூடும் சிறு தொடுமுனை) வைத்த இக்னிஷனில், வண்டி ஓடும்போது பொறிக்கான மின்சாரம் தரும் காயிலுக்கு முழு 12 வோல்ட் போகக் கூடாது. பாலஸ்ட் ரெசிஸ்டர் அதைக் குறைத்து அனுப்பும், ஸ்டார்ட் செய்யும் நொடிகளில் மட்டுமே முழு வோல்டேஜ் கிடைக்கும். இவர்கள் பாலஸ்டைச் சுற்றி ஒரு துண்டு வயரை இணைத்திருந்தார்கள். சட்டென்று ஸ்டார்ட் ஆகும், நன்றாக வேலை செய்திருக்கிறார்கள் என்று தோன்றும். பாயிண்ட்கள் அதற்குள் நீலம் பாய்ந்து குழி விழுந்திருந்தன.

டைமிங், அதாவது பிளக்கில் பொறி விழும் நேரம், இன்னும் கேவலம். கிராங்க் முனையில் அதிர்வைக் குறைக்கும் பாலன்சரின் வெளிவளையம் ரப்பர்மேல் ஒட்டியிருக்கும். ரப்பர் இற்றுப்போனால் வளையம் நழுவி, அதிலுள்ள டைமிங் குறி பொய் சொல்லும். அதனால்தான் பழைய எஞ்சினில் முதலில் பிளக் துளையில் பிஸ்டன் ஸ்டாப்பை மாட்டி, முதல் பிஸ்டனின் உண்மையான உச்சியைக் கண்டுபிடிக்க வேண்டும். அப்படிப் பார்த்ததில் குறி பல டிகிரி விலகியிருந்தது. மொத்த அட்வான்ஸ், அதாவது பிஸ்டன் உச்சியைத் தொடும் முன் பொறி விழும் கோணம், 36 டிகிரி என்று பில்லில் எழுதியிருந்தார்கள். எஞ்சின் உண்மையில் நாற்பதைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தது. ஏற்றத்தில் கேட்ட 'கிணுகிணு' சத்தத்துக்குப் பெட்ரோல்தான் காரணம் என்று அவர்கள் சொன்னது பொய். இன்னும் கொஞ்ச காலம் அப்படியே ஓட்டியிருந்தால் பிஸ்டன் உடைந்திருக்கும்.

கார்புரேட்டரில் பெட்ரோல் அளவைக் கட்டுப்படுத்தும் மீட்டரிங் ராடுகளை மாற்றியதாகவும் பில் சொல்கிறது. என் வண்டியிலுள்ள கார்ட்டர் ஏவிஎஸ் கார்புரேட்டரில் மேலே இரண்டு சின்ன மூடிகளைக் கழற்றினால் ராடு கைக்கு வந்துவிடும், எண்ணும் அதிலேயே பொறித்திருக்கும். பழைய ராடுகள் அப்படியே இருந்தன. பிறகு அந்த டயனோ தாள், அதாவது எஞ்சின் திறனை அளந்த சோதனை அறிக்கை. பின் சக்கரங்களில் 331 குதிரைத்திறன் என்கிறது அது. டாட்ஜ் நிறுவனமே இந்த எஞ்சினுக்குச் சொன்னது 335, அதுவும் வண்டிக்கு வெளியே, இழப்பு எதுவும் இல்லாமல் அளக்கும் அக்காலத்து முறையில். கியர்பாக்ஸையும் ஆக்சிலையும் தாண்டிச் சக்கரத்துக்கு வரும்போது அது வெகுவாகக் குறைந்தே தீரும். தாளிலுள்ள தேதியைப் பார்த்தேன். அதே தேதியில் அவர்கள் எனக்கு அனுப்பிய படத்தில், என் வண்டி அல்டர்நேட்டர் இல்லாமல் லிஃப்ட்டின் மேல் நிற்கிறது. வேறு யாருடைய வண்டியின் தாளையோ என்னிடம் கொடுத்திருக்கிறார்கள்.

கேட்டதற்கு, பழைய வண்டி என்றால் அப்படித்தான் இருக்கும் என்றார் உரிமையாளர். ஹாம்ட்ராமிக் தொழிற்சாலையில் தங்கள் கையால் இந்த வண்டிகளைச் செய்தவர்களின் பிள்ளைகள் வாழும் ஊரில் நின்றுகொண்டு அவர் இதைச் சொன்னதுதான் எனக்கு ஆத்திரமாக இருந்தது.

மிச்சிகனில் 1974-ஆம் ஆண்டுச் சட்டப்படி பட்டறை பதிவு பெற்றிருக்க வேண்டும். எழுத்தில் மதிப்பீடு தர வேண்டும். கழற்றிய பாகங்களைத் திருப்பித் தர வேண்டும். என் பழைய அல்டர்நேட்டரும் லிங்கும் வரவில்லை. மாநிலச் செயலர் அலுவலகத்தில் படங்களோடு புகார் கொடுத்திருக்கிறேன். கடன் அட்டை நிறுவனத்திடமும் இந்தக் கட்டணத்துக்கு மறுப்பு எழுதியிருக்கிறேன்.

இந்தக் கோடையில் டெட்ராய்ட் பக்கம் எங்கே வயரிங் செய்து வாங்கியிருந்தாலும், அடுத்த முறை சாவியைத் திருப்பும் முன் பானெட்டைத் திறந்து ஸ்டார்ட்டர் ரிலேயைப் பாருங்கள். அங்கிருந்து கிளம்பும் மெல்லிய லிங்க் இல்லாமல் தடித்த வயரும் டேப்பும் இருந்தால், அல்லது விசிறி வயர் பாட்டரி முனையில் இருந்தால், நெகடிவ் கேபிளைக் கழற்றி வைத்துவிட்டு எனக்குச் செய்தி அனுப்புங்கள். பிரித்துப் பார்த்துப் படம் எடுக்க நானே வருகிறேன். அதே பட்டறை என்றால் உங்கள் புகாரும் என்னுடையதோடு சேர வேண்டும்.