4கே கேமிங்: மொத்தமாக மாற்றுவதா, இருப்பதை வைத்து ஏறுவதா?

வீட்டில் இருக்கும் டெஸ்க்டாப் 2020ல் பார்ட் பார்ட்டாக வாங்கி அசெம்பிள் செய்தது. ரைசன் 5 3600 பிராசஸர், பி450 மதர்போர்டு, 16 ஜிபி டிடிஆர்4 ரேம், ஜிடிஎக்ஸ் 1660 சூப்பர் கிராஃபிக்ஸ் கார்டு, 450 வாட் பவர் சப்ளை, 24 இன்ச் 1080பி மானிட்டர். இத்தனை வருடமாக ஒரு நாள் கூட மக்கர் செய்யவில்லை. இப்போது பெரிய திரையில், கூடுதல் ரெசல்யூஷனில் விளையாட ஆசை. அதற்காகச் சேர்த்த பணம் 1,50,000 ரூபாய் கையில் இருக்கிறது.

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் நாலைந்து கடை ஏறி இறங்கியதில் பெரும்பாலும் ஒரே பதில்தான்: "இது பழைய பிளாட்ஃபார்ம் சார், மொத்தமா மாத்திடுங்க." எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஏன் இல்லை என்பதைக் கணக்கோடு சொல்லத்தான் இதை எழுதுகிறேன், ஏனென்றால் என்னைப் போலவே ஏஎம்4 (ஏஎம்டியின் முந்தைய தலைமுறை பிராசஸர் சாக்கெட்) போர்டு வைத்துக்கொண்டு முழிக்கிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

ஒரு சிக்கலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த மெஷினில் நான் மட்டும் உட்காருவதில்லை. எனக்குக் கதை உள்ள பெரிய கேம்கள், ஒவ்வொரு ஊரையும் நின்று நிதானமாகச் சுற்றிப் பார்க்க வேண்டும். தம்பிக்கு வாலரண்ட், வேகமான ஆன்லைன் துப்பாக்கிச் சண்டை கேம். "அண்ணா, எனக்கு 4கே எல்லாம் வேணாம், 240 ஹெர்ட்ஸ் இருந்தா போதும்" என்று முதல் நாளே சொல்லிவிட்டான், அதாவது நொடிக்கு 240 முறை படம் மாறும் திரை. ஒரே பெட்டி இரண்டு பேருக்கும் வேலை செய்ய வேண்டும்.

சரி, கணக்குக்கு வருவோம். 1080பி திரையில் சுமார் 20.7 லட்சம் பிக்சல். 1440பியில் 36.9 லட்சம். 4கேயில் 82.9 லட்சம். அதாவது கார்டு வரைய வேண்டிய பிக்சல் 1440பிக்கு மாறினால் ஏறத்தாழ 1.8 மடங்கு, 4கேக்கு மாறினால் சரியாக 4 மடங்கு. இந்தக் கூடுதல் பாரம் முழுக்க கிராஃபிக்ஸ் கார்டின் தலையில் விழுகிறது, பிராசஸருக்கு இதில் பெரிய பங்கு இல்லை. எதிரி எங்கே நடக்க வேண்டும், கதவு திறந்ததா, குண்டு பட்டதா என்று அது போடும் கணக்கு திரை பெரிதானாலும் மாறாது. நொடிக்கு எத்தனை ஃபிரேம் வேண்டும் என்பதுதான் அதன் பாரத்தைத் தீர்மானிக்கிறது.

இதை நாமே வீட்டில் சோதித்துப் பார்க்கலாம், பைசா செலவில்லை. இருக்கிற கேமில் ரெசல்யூஷனை 720பிக்கு இறக்குங்கள், கிராஃபிக்ஸ் செட்டிங்கில் ஷேடோ, ரிஃப்ளெக்‌ஷன் எல்லாவற்றையும் குறையுங்கள், கூட்டத்தின் அளவு, பார்வை தூரம் போன்ற பிராசஸர் சம்பந்தப்பட்டவற்றை மட்டும் நீங்கள் விளையாடப்போகும் அளவிலேயே விடுங்கள். பிறகு கேமிலேயே மிக நெரிசலான இடத்துக்குப் போய் நில்லுங்கள். நான் ஒரு சந்தைத் தெருவில் போய் நின்றேன், 80 ஃபிரேமைச் சுற்றியே ஆடிக்கொண்டிருந்தது, கார்டின் பயன்பாடு 60 சதவீதத்தைத் தாண்டவில்லை. அந்த 80 தான் 3600இன் உச்சவரம்பு. எந்தக் கார்டை வாங்கிச் செருகினாலும் அந்தத் தெருவில் 80க்கு மேல் வராது, ரே டிரேசிங் (ஒளி எப்படிப் பட்டுத் திரும்புகிறது என்று கணக்கிட்டு வரைவது) போட்டால் பிராசஸருக்கும் வேலை கூடி இன்னும் குறையும். ஆனால் 4கேயில் நான் எதிர்பார்ப்பதே 60 முதல் 80 தான். அப்படியென்றால் என் தேவைக்கு மொத்தத்தையும் கழற்றிப்போட வேண்டிய அவசியம் எங்கிருந்து வந்தது?

இதில் பலரும் கவனிக்காத ஒரு முடிச்சு உண்டு. இன்று 4கே விளையாடுகிற பெரும்பாலானவர்கள் எல்லா கேமையும் முழு 4கேயில் ஓட்டுவதில்லை. என்விடியாவின் டிஎல்எஸ்எஸ், ஏஎம்டியின் எஃப்எஸ்ஆர் போன்ற அப்ஸ்கேலிங்தான் கை கொடுக்கிறது. குவாலிட்டி மோடில் உள்ளே 1440பியில் வரைந்து 4கேக்கு ஏற்றுகிறது, பெர்ஃபார்மன்ஸ் மோடில் வெறும் 1080பி. கார்டுக்கு வேலை குறைந்து ஃபிரேம் ஏற ஏற, பந்து பிராசஸர் பக்கம் வந்துவிடும். "4கேயில் பிராசஸர் எதுவானாலும் ஒன்றுதான்" என்று சொல்வதை அப்படியே நம்பிவிட வேண்டாம். 60க்கு அது சரி, 120க்கு ஆசைப்பட்டால் சரியில்லை. தம்பியின் 240ஐயும் நினைத்தால் பிராசஸரையும் கொஞ்சம் ஏற்றத்தான் வேண்டும்.

இனி பிளாட்ஃபார்ம். ஒரு பக்கம் ஏஎம்டியின் புதிய சாக்கெட்டான ஏஎம்5: புது போர்டு, புது பிராசஸர், டிடிஆர்5 ரேம், மூன்றும் சேர்ந்தே வாங்க வேண்டும், பழைய ரேமைச் செருக வழியில்லை. இன்னொரு பக்கம் இருக்கிற பி450இலேயே ரைசன் 7 5700எக்ஸ்3டி. 3600இல் 32 எம்பி எல்3 கேஷ் (பிராசஸருக்குள்ளேயே இருக்கும் வேகமான மெமரி), இதில் 96 எம்பி, 6 கோருக்குப் பதில் 8. கேம்கள் அடிக்கடி கேட்கும் தகவல் இந்தப் பெரிய கேஷிலேயே உட்கார்ந்துவிடுவதால் ரேமுக்கு ஓடி ஓடி வர வேண்டியதில்லை, அதனால் பழைய 3200 வேக டிடிஆர்4 ரேமே போதும்.

விலை எப்படி? 2025 கடைசியில் ரேம் விலை ஏறிய வேகம் தெரிந்ததுதான், செயற்கை நுண்ணறிவு டேட்டா சென்டர்கள் மெமரியை அள்ளிக்கொண்டு போக, மைக்ரான் நிறுவனம் குரூஷியல் என்ற பெயரில் நமக்கு விற்றுவந்த வியாபாரத்தையே மூடுவதாக டிசம்பரில் அறிவித்தது. எனக்கு ஏஎம்5இல் சாதாரண 6 கோர் பிராசஸர், நடுத்தர போர்டு, 32 ஜிபி ரேம் என்று போட்டும் 60,000 ரூபாய்க்குக் கீழே ஒரு கடையிலும் இறங்கவில்லை. பட்ஜெட்டில் ஐந்தில் இரண்டு பங்கு அதிலேயே போய்விட்டால் 4கே தாங்கும் கார்டும் அதற்கேற்ற திரையும் சேர்ந்து வருவதற்கு வழியே இல்லை. 5700எக்ஸ்3டி அதில் மூன்றில் ஒரு பங்குக்குள் முடிந்துவிட்டது.

ஏஎம்5 பக்கம் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். அந்த சாக்கெட்டை 2027 வரையாவது தொடருவோம் என்று ஏஎம்டி சொல்லியிருக்கிறது, ஏஎம்4இலோ இதற்கு மேல் ஏறப் பெரிதாகப் படி கிடையாது. புதிதாக ஒரு மெஷின் கட்டுகிறவர் கண்ணை மூடிக்கொண்டு ஏஎம்5 போகலாம். இன்டெல் பழைய 4 கோர் பிராசஸர் வைத்திருப்பவருக்கும் அதேதான். நான் பேசுவது ஏற்கெனவே நல்ல ஏஎம்4 போர்டும் ரேமும் கையில் இருப்பவர்களைப் பற்றி. ஒரே ஒரு சங்கடம், 5700எக்ஸ்3டி இப்போது எளிதாகக் கிடைப்பதில்லை, நான் மூன்று வாரம் தேடினேன். கிடைக்காவிட்டால் சாதாரண 5700எக்ஸ் போதும், கதை கேம்களை 4கேயில் ஓட்ட அது தாராளம்.

மாற்றும்போது இரண்டு விஷயம். பிராசஸர் பெட்டியில் கூலர் வராது, 3600உடன் வந்த குட்டிக் கூலர் இதற்குப் பத்தாது, இரண்டாயிரம் ரூபாய் அளவில் ஒரு டவர் கூலர் தனியாக வாங்க வேண்டும். அப்புறம், பழைய பிராசஸர் போர்டில் இருக்கும்போதே பயாஸை (போர்டுக்குள் இருக்கும் அடிப்படை மென்பொருள்) அப்டேட் செய்துவிட வேண்டும். புதியதைச் செருகிய பிறகு திரை வராமல் தவிப்பவர்கள் பெரும்பாலும் இந்த வரிசையை மாற்றியவர்கள்தான். நான் செய்த அன்று மாலை மழை, எந்த நேரமும் கரண்ட் போகலாம். பயாஸ் எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் போர்டே செத்துவிடலாம் என்பதால் பென் டிரைவைக் கையில் வைத்துக்கொண்டு மழை நிற்கும்வரை காத்திருந்து, ராத்திரி பதினொரு மணிக்குத்தான் ஆரம்பித்தேன். அந்தப் பச்சைக் கோடு 100க்குப் போகும்வரை தம்பியும் நானும் பேசிக்கொள்ளவே இல்லை.

இப்போது முக்கியமான சண்டை, கார்டு. ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 9070 எக்ஸ்டியா, என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 5070 டிஐயா? இரண்டும் 2025 தொடக்கத்தில் வந்தவை, இரண்டிலும் 16 ஜிபி மெமரி, மின்சாரமும் ஏறக்குறைய ஒன்று, 304 வாட்டும் 300 வாட்டும். அறிமுக விலை 599 டாலர், 749 டாலர். இதற்குக் கீழே 549 டாலருக்கு ஆர்டிஎக்ஸ் 5070 என்று ஒன்று நிற்கிறது, ஆனால் அதில் 12 ஜிபிதான். 1440பிக்கு நல்ல கார்டு, 4கேக்கு என்று வாங்கினால் டெக்ஸ்சர்கள் மெமரியைத் தாண்டி வழியும்போது திக்கித் திணறும். அதை நான் பட்டியலிலேயே சேர்க்கவில்லை.

ரே டிரேசிங் இல்லாத சாதாரண வரைதலில் 9070 எக்ஸ்டி சில சதவீதம்தான் பின்தங்குகிறது, கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. ரே டிரேசிங் போட்டால் இடைவெளி கூடும், அதன் இன்னும் கனமான வடிவமான பாத் டிரேசிங் என்றால் 5070 டிஐ தெளிவாக முந்திவிடும். அப்ஸ்கேலிங்கில் எஃப்எஸ்ஆர் 4 வந்த பிறகு ஏஎம்டி நன்றாகவே எட்டிப்பிடித்துவிட்டது, முந்தைய பதிப்புகளில் முடியும் இலையும் மினுக்கிக்கொண்டே இருக்கும் தொல்லை இதில் பெரும்பாலும் போய்விட்டது. ஆனால் டிஎல்எஸ்எஸ் உள்ள கேம்களின் எண்ணிக்கை இன்னும் அதிகம், பழைய டிஎல்எஸ்எஸ் 2 கேம்களில் கூடப் பலவற்றைப் புதிய மாடலுக்கு ஏற்றிக்கொள்ளலாம். பழைய எஃப்எஸ்ஆர் 2 கேம்களுக்கு அந்த வசதி அப்படிக் கிடைப்பதில்லை.

இதில்தான் நான் ஒரு வாரம் மாட்டிக்கொண்டு கிடந்தேன். நான் விளையாடாமல் பாக்கி வைத்திருக்கும் பட்டியலில் இருப்பதெல்லாம் 2018 முதல் 2022 வரை வந்த கேம்கள், அப்படியென்றால் டிஎல்எஸ்எஸ்தானே நல்லது? பிறகு ஒன்றொன்றாக எடுத்துப் பார்த்ததில் பதில் கிடைத்தது: அந்த வயது கேம்களை 9070 எக்ஸ்டி பெரும்பாலும் அப்ஸ்கேலிங்கே இல்லாமல் முழு 4கேயில் 60க்கு மேல் ஓட்டிவிடும். எல்டன் ரிங் போன்றது 60 ஃபிரேமுக்கு மேல் போகவே போகாது, அங்கே கூடுதல் காசு கொடுத்து என்ன கிடைக்கும்? அதனால் 9070 எக்ஸ்டி. நீங்கள் பாத் டிரேசிங் கேம்களுக்காகவே கார்டு வாங்குகிறீர்கள் என்றாலோ, பிளெண்டர் போன்ற 3டி மென்பொருளில் வேலையும் அதே மெஷினில் உண்டு என்றாலோ, கூடுதல் பணத்தைக் கொடுத்து 5070 டிஐ வாங்குங்கள், அது வீண் செலவு அல்ல.

பி450 போர்டில் கார்டு செருகும் ஸ்லாட் பழைய பிசிஐஇ 3.0 தானே, கார்டின் வேகம் பாழாகாதா என்று கேட்பார்கள். இந்த இரண்டு கார்டும் ஸ்லாட்டின் 16 லேனையும் (தகவல் ஓடும் பாதை) பயன்படுத்துவதால் இழப்பு சில சதவீதத்தோடு நின்றுவிடும். 5060 டிஐ போல 8 லேன் மட்டும் உள்ள கார்டுகளுக்குத்தான் பழைய போர்டில் உண்மையான அடி.

கார்டை வாங்கும் முன் கேபினட்டைத் திறந்து டேப் வைத்து அளந்துவிடுங்கள். என்னுடையதில் பின்பக்கத் தகட்டிலிருந்து முன் ஃபேன் வரை 33 செ.மீ., நான் முதலில் ஆசைப்பட்ட மாடல் அதற்கு ஒரு விரற்கடை கூட. இன்னொரு கம்பெனியின் சிறிய மாடலுக்கு மாறினேன். பவர் சப்ளைக்கு இரண்டு கம்பெனியுமே 750 வாட் என்கின்றன, அதில் பேரம் வேண்டாம்.

யுபிஎஸ்ஸைப் பற்றி யாரும் பேசுவதே இல்லை. நம் வீடுகளில் இருப்பது பெரும்பாலும் 600 விஏ, அது தாங்குவது 360 வாட்தான். கார்டு மட்டுமே 300 கேட்கும்போது அது யானைப் பசிக்குச் சோளப்பொரி. விளையாடிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் யுபிஎஸ் பீப் என்று கத்திவிட்டு அடுத்த நொடியே அணைந்துவிடும். 1100 விஏ, 660 வாட் மாடலுக்கு மாறிய பிறகுதான் சேவ் செய்துவிட்டு எழுந்திருக்க நேரம் கிடைக்கிறது. மின்கட்டணத்தையும் பார்த்துவிடுங்கள்: தினம் மூன்று மணி நேரம் என்றால் கார்டுக்கு மட்டும் இரண்டு மாதத்தில் 54 யூனிட். பில் 500 யூனிட் ஓரத்தில் நிற்கிற வீடாக இருந்தால் அது தாண்டிவிடும், தாண்டினால் விகிதமே மாறும். மே மாதத்தில் அந்த 300 வாட்டும் சூடாக அறைக்குள்ளேதான் சுற்றும் என்பதால் கார்டின் பவர் லிமிட்டைப் பத்து சதவீதம் குறைத்து வைத்திருக்கிறேன், இழந்தது இரண்டு மூன்று ஃபிரேம்.

கடைசியாகத் திரை. தம்பி கேட்டது 27 இன்ச் 1440பி 240 ஹெர்ட்ஸ், நான் கேட்டது 4கே. 4கே திரையில் 1440பியை ஓட்டினால் ஒரு பிக்சலை அகலத்திலும் உயரத்திலும் ஒன்றரைப் பிக்சலாகப் பரப்ப வேண்டும், ஓரங்கள் மங்கும். 1080பி என்றால் இரண்டு பக்கமும் இரண்டிரண்டு, ஆக ஒரு பிக்சலுக்கு நான்கு, சரியாகப் பொருந்தும். இந்தக் கணக்கை வைத்துத்தான் டூயல் மோட் மானிட்டர்கள் வருகின்றன: 4கேயில் 160 ஹெர்ட்ஸ், ஒரு பட்டனைத் தட்டினால் 1080பியில் 320 ஹெர்ட்ஸ். 27 இன்ச்சில் 1080பி எழுத்து கொஞ்சம் தடிப்பாகத்தான் தெரிகிறது, டெஸ்க்டாப்பில் அப்படி வைத்துக்கொள்ள முடியாது. வாலரண்ட் விளையாடுகிறவன் எழுத்தையா படிக்கப்போகிறான். பழைய எச்டிஎம்ஐ கேபிளைத் தூக்கி ஓரமாக வையுங்கள், பெட்டியில் வரும் டிஸ்ப்ளேபோர்ட் கேபிளையே செருகுங்கள்.

மொத்தம் 1,47,000 ரூபாய் ஆனது. பழைய 1660 சூப்பரை பக்கத்துத் தெருப் பையன் ஒருவன் கேட்டிருக்கிறான், தூசி துடைத்து, தெர்மல் பேஸ்ட் மாற்றிக் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறேன். அவனுடைய மானிட்டர் 1080பி, அவனுக்கு அது இன்னும் இரண்டு வருடம் ஓடும்.