‘டவுன் ஜாக்கெட்’ என்ற பெயரில் பாலியெஸ்டர்: கேதார்நாத் கிளம்புகிறவர்கள் கவனத்துக்கு

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான் பக்கம் வடநாட்டு யாத்திரைக்குப் பணம் கட்டியிருப்பவர்கள் இதைப் படித்துவிட்டுத் துணி வாங்குங்கள். யாத்திரைக்கு ஆள் சேர்க்கும் ஓர் ஏற்பாட்டாளர், பயணக் கட்டணத்தோடு ‘குளிர் செட்’ என்று ஒன்றை 4,800 ரூபாய்க்குத் தலையில் கட்டுகிறார். ஜாக்கெட், தெர்மல் (குளிருக்கு உள்ளே போடுகிற சட்டை, கால்சட்டை), மழைக்கோட்டு, கையுறை, குல்லா எல்லாம் சேர்த்து. ஜாக்கெட் பையில் வாத்துப் படம் போட்டு ‘90/10 டவுன்’ என்று அச்சடித்திருக்கிறது. அதாவது 90 பங்கு வாத்தின் அடிவயிற்று இறகுப்பஞ்சு, 10 பங்கு சிற்றிறகு என்று அர்த்தம். எங்கள் குழுவில் இதை வாங்கிப் போனவர்கள் அத்தனை பேரும் மேலே நடுங்கினார்கள். திரும்பி வந்ததும் தையலைப் பிரித்தோம். உள்ளே ஒற்றை இறகுகூட இல்லை.

விற்கிற தந்திரம் எளிது. “ஆச்சி, சும்மா போட்டுப் பாருங்க. ரெண்டு நிமிஷத்துல வேர்க்கலேன்னா காசே வேண்டாம்.” சித்திரை வெயிலில் காரைக்குடியில் எதைப் போட்டால்தான் வேர்க்காது? சூடு உடம்பிலிருந்து வருகிறது. துணி அதை வெளியே விடாமல் பிடித்து வைக்கிறது, அவ்வளவுதான். பிடித்து வைப்பது நூலல்ல, நூலுக்கிடையே அசையாமல் நிற்கும் காற்று. வெளியே 38 டிகிரி இருக்கும்போது நல்ல ஜாக்கெட்டும் வேர்க்க வைக்கும், மட்டமானதும் வேர்க்க வைக்கும். மார்கழி விடியற்காலையிலேயே 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கிற ஊரில் போட்டுப் பார்த்து ஒன்றும் தெரியாது. கையால், கண்ணால், தராசால் சோதித்தால் தெரியும்.

முதலில் தராசு. சமையலறை டிஜிட்டல் தராசு போதும். பெரியவர் அளவில் மெல்லிய டவுன் ஜாக்கெட் பெரும்பாலும் 250 முதல் 400 கிராமுக்குள் நிற்கும். அதில் இறகுப்பஞ்சு மட்டும் 80 முதல் 120 கிராம் இருக்கலாம். இந்தச் செட்டின் ஜாக்கெட் 640 கிராம். அவ்வளவு எடை இருந்தும் தடிமன் ஒரு விரல்கூட இல்லை. எடை கூடி, உப்பல் குறைந்தால் அங்கேயே சந்தேகப்படுங்கள். டவுனுக்குப் போடும் 600, 700, 800 என்ற எண்கள் இந்த உப்பலைத்தான் சொல்கின்றன. 28 கிராம் பஞ்சு ஏறக்குறைய 10 லிட்டர் இடத்தை அடைத்தால் அது 600. எண் ஏற ஏற, அதே சூட்டுக்குக் குறைந்த எடை போதும். நிரப்பின் எடை தெரியாமல் இந்த எண்ணை மட்டும் சொன்னால் பாதிக் கணக்குதான். 800 டவுனை 30 கிராம் போட்டு விற்றாலும் குளிரத்தான் செய்யும்.

அடுத்தது விரல். ஜாக்கெட்டின் ஒரு கட்டத்தைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே வைத்து உருட்டுங்கள். நிஜ டவுனில் ஊசிமுனை போலச் சின்னச் சின்ன இறகுத் தண்டு எங்காவது நெருடும், பஞ்சு கட்டத்துக்குள் இடம் மாறும். பாலியெஸ்டர் பாய், அதாவது பாய் போல ஒரே விரிப்பாக வைத்துத் தைத்த செயற்கைப் பஞ்சு என்றால் எங்கே அழுத்தினாலும் ஒரே தடிமன், நகராது. வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் டவுன் திட்டுத்திட்டாகத் தெரியும். பாய் சீராகத் தெரியும். தையலோரத்தில் நீட்டிக்கொண்டிருப்பதை மெல்ல இழுங்கள். டவுன் என்றால் எருக்கங்காய் வெடித்துப் பறக்கிற பஞ்சைப் போல நடுப்புள்ளியிலிருந்து பிரிந்த பூவாக வரும். இந்தச் செட்டில் நீளநீளமான இழைதான் வந்தது. இடுக்கியில் பிடித்து அகல் சுடரில் காட்டியதும் உருகி, ஆறியபின் கறுத்த மணியாக இறுகியது. இறகாக இருந்தால் மயிர் கருகும் நாற்றம் அடிக்கும், சாம்பல் விரலில் பொடியும்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: பாலியெஸ்டர் நிரப்பு மட்டமான பொருள் அல்ல. டவுன் நனைந்தால் கட்டியாகி உப்பலை இழந்துவிடும், காயவும் நேரமாகும். பாலியெஸ்டர் நனைந்தாலும் ஓரளவு சூடு காக்கும். மழையும் மூட்டமும் மாறி மாறி வரும் கேதார்நாத் பாதைக்கு எங்கள் சிபாரிசு அதுதான். சதுர மீட்டருக்கு 100 கிராம் நிரப்பு உள்ள ஜாக்கெட்டை ‘பாலியெஸ்டர்’ என்று சொல்லி அதற்குரிய விலைக்கு விற்றிருந்தால் இந்தப் பதிவே தேவையில்லை. டவுன் விலையை வாங்கிக்கொண்டு சுருங்கிப்போன பாயைக் கொடுத்ததுதான் ஏமாற்று.

ஆனாலும் ஜாக்கெட்டைவிட அதிகம் கெடுத்தது தெர்மல். ‘மெரினோ கம்பளி’ என்று ஒட்டியிருந்தது. இழையை எரித்தால் காகிதம் எரிகிற வாசனை, கூடவே கொஞ்சம் உருகல். பருத்தியும் பாலியெஸ்டரும் கலந்தது, உட்புறம் சொரசொரப்பாகத் தேய்த்துப் பஞ்சு எழுப்பியது. நடை தொடங்கும் கௌரிகுண்டம் கடல் மட்டத்துக்கு மேல் 1,982 மீட்டர், கோயில் 3,583 மீட்டர். ஏறக்குறைய 16 கிலோமீட்டர் ஏற்றம். பழனிக்கு நடந்து பழகிய கால்கள் ஏறிவிடும். ஏறும்போது பருத்தி வியர்வையை எல்லாம் குடித்து வைத்துக்கொள்ளும். மேலே போய்ச் சேரும்போது, உயரத்தினால் மட்டுமே கீழே இருந்ததைவிட சுமார் 10 டிகிரி குறைந்திருக்கும். மே மாதத்திலும் அக்டோபரிலும் இரவில் பூஜ்ஜியத்தை ஒட்டியோ அதற்குக் கீழோ இறங்கும். தண்ணீர், நிற்கும் காற்றைவிட ஏறக்குறைய 25 மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்தும். ஈர பனியனோடு தரிசன வரிசையில் நின்றால் மேலே எந்த ஜாக்கெட் போட்டும் பயனில்லை. நடக்கிற வரை யாருக்கும் குளிராது, நின்றதும்தான் தெரியும்.

ஆகவே உடம்போடு ஒட்டுகிற துணியில் பருத்தி கூடாது. முழு பாலியெஸ்டர் விளையாட்டு பனியன் இந்தச் செட்டின் தெர்மலைவிட எவ்வளவோ மேல், திருப்பூர் சரக்காகவே மலிவாகக் கிடைக்கும். இரண்டு வேண்டும்: ஒன்று ஏறுவதற்கு, ஒன்று பிளாஸ்டிக் பையில் கட்டிவைத்து மேலே போனதும் மாற்றுவதற்கு. அதன்மேல் சதுர மீட்டருக்கு 200 கிராம் கனமுள்ள ஃப்ளீஸ் (பஞ்சு எழுப்பிய பாலியெஸ்டர் துணியில் தைத்த மேல்சட்டை). அதற்கும் மேல் நிரப்பு ஜாக்கெட், நிற்கும்போது மட்டும். ஏறும்போது அதைப் போட்டுக்கொண்டு வியர்ப்பது தண்டம். எல்லாவற்றுக்கும் வெளியே காற்றும் மழையும் தடுக்கும் உறை. குல்லா, கையுறை, காலுறை உட்பட மொத்தம் ஒன்றரை கிலோவை ஒட்டி வரும். கண்டாங்கியில்தான் தரிசனம் என்கிற ஆச்சிகள் அதைப் பையில் கொண்டுபோய் மேலே உடுத்திக்கொள்ளலாம், நடைக்கு வேண்டாம். நனைந்த பருத்திச் சேலை கனத்து, கரை காலில் ஒட்டிச் சில்லிட வைக்கும்.

மழைக்கோட்டை உட்புறம் திருப்பிப் பாருங்கள். தோள், தொப்பித் தையல்களின் மேல் பிசின் பட்டை ஓட வேண்டும். இந்தச் செட்டில் வெறும் ஊசித்துளை. துணியைக் கிண்ணம் போலக் குழித்து ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றிப் பத்து நிமிடம் வையுங்கள், அடியில் ஈரம் கசிந்தால் வேண்டாம். கையுறை வெறும் பின்னல் நூல். கைத்தடி பிடித்தால் நனைந்துவிடும். மெல்லிய உள்ளுறை, மேலே நீர் புகாத தளர்ந்த உறை என்று இரண்டாக வாங்குங்கள். கட்டைவிரல் தவிர மற்ற நான்கு விரலும் ஒன்றாக இருக்கும் உறை, விரல் பிரித்ததைவிடச் சூடு. குளிருமே என்று இறுக்கமான ஷூவுக்குள் இரண்டு காலுறை திணித்தால் ரத்த ஓட்டம் குறைந்து விரல்கள் இன்னும் மரத்துப்போகும்.

பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, “உபயோகிச்ச துணியை எடுக்க மாட்டோம் அண்ணே” என்றார்கள். கொடுத்திருந்த ரசீதில் ‘குளிர் செட் 1’ என்று மட்டும் கிறுக்கியிருந்ததால் அவர்களுக்குச் சொல்வது சுலபமாகப் போயிற்று. இனி வாங்குகிறவர்கள் நிரப்பு என்ன, எத்தனை கிராம், துணி என்ன என்பதை ரசீதிலேயே எழுத வையுங்கள். எழுத மறுத்தால் அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள். ஏற்கெனவே ஏமாந்தவர்கள் லேபிள், பை, விளம்பரப் படம், பணம் அனுப்பிய விவரம் எதையும் தூக்கிப் போடாதீர்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் முதலில் புகார் பதியுங்கள். சரிப்படாவிட்டால் சிவகங்கை மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது, இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். பிரித்த தையலை மறுபடி தைக்காமல் அப்படியே வைத்திருங்கள், அதுதான் சாட்சி.

வழக்குக்குப் போகாமல், வாங்கியதை வைத்தே சமாளிக்க நினைப்பவர்களுக்கு: ஜாக்கெட்டுக்கு உள்ளே ஃப்ளீஸ், வெளியே மழைக்கோட்டு போட்டால் 10 டிகிரி வரை ஓட்டலாம், அதற்குக் கீழே நம்ப வேண்டாம். தெர்மலைக் காய்ந்த நிலையில் தூங்க மட்டும் பயன்படுத்துங்கள். மழைக்கோட்டின் உள்பூச்சு உரியத் தொடங்கியிருந்தால் கழித்துவிடுங்கள். உரியவில்லை என்றால் பாலியூரித்தேன் தையல் பசையை உட்புறத் தையல் முழுக்க மெல்லிசாகத் தடவி, ஒரு ராத்திரி விரித்துப்போட்டு உலர்த்துங்கள். பிசுபிசுப்பு போகிற வரை மடிக்க வேண்டாம்.